திறப்பது வேறு, உருவாக்குவது வேறு: மெசேஜ் க்யூ பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

லினக்ஸில் இரண்டு ப்ராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) நடுவே பாசிக்ஸ் மெசேஜ் க்யூ, அதாவது ஒன்று போடும் மெசேஜை மற்றது எடுக்கும் வரை வைத்திருக்கும் வரிசை, வைத்து நீ எழுதிய நிரலைப் படித்தேன். அனுப்புவதும் வாங்குவதும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கோளாறு முதல் வரியில். க்யூவைத் திறக்கும் எம்க்யூ_ஓப்பன் வரியை, ‘இல்லையென்றால் உருவாக்கு’ என்னும் ஓ_க்ரியட் ஃப்ளாக்கோடு, இரண்டு நிரலிலும் அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறாய். யார் முதலில் ஓடினாலும் க்யூ கிடைத்துவிடும் என்பது உன் கணக்கு. கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் என்ன அளவில், என்ன அனுமதியோடு கிடைக்கும் என்பதை, யார் முந்தினார்களோ அவர்கள் தீர்மானிப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓ_க்ரியட் இருந்தால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) நீ கொடுத்த க்யூ பெயரைத் தேடும். இல்லையென்றால் புதிதாக உருவாக்கும். இருந்தாலோ, இருப்பதைத் திறந்து கொடுத்துவிட்டு, நீ கொடுத்த அனுமதியையும் அளவுகளையும் கண்டுகொள்ளவே கொள்ளாது. எரரும் வராது. ஒரு மெசேஜுக்கு 256 பைட் என்று வைத்திருந்ததை 1024 ஆக்கி மறுபடி கம்பைல் செய்கிறாய் என்று வைத்துக்கொள். ப்ராசஸ் முடிந்தாலும் பழைய க்யூ போகாது. எம்க்யூ_அன்லிங்க் கொண்டு அதன் பெயரை நீக்கும் வரை, அல்லது மெஷினை ரீபூட் செய்யும் வரை கர்னலிலேயே கிடக்கும். புது நிரல் அதையே திறக்கும், 300 பைட் அனுப்பப் பார்க்கும், மெசேஜ் பெரிது என்று இஎம்எஸ்ஜிசைஸ் எரர் வாங்கும். நீயோ 1024 என்று எழுதிய வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஆகவே உருவாக்கும் பொறுப்பை ஒருவருக்கு மட்டும் கொடு. என் தேர்வு, வாங்குகிற ப்ராசஸ். அது ஓ_க்ரியட், ஓ_எக்ஸ்கிள் (ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடு), ஓ_ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) மூன்றையும் சேர்த்துத் திறக்கட்டும். அனுப்புகிறவர் ஓ_ரைட்ஒன்லி (எழுத மட்டும்) என்பதை மட்டும் போடட்டும். க்யூ இன்னும் இல்லையென்றால் அவருக்கு இஎன்ஓஇஎன்டி எரர் வரும். கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப முயன்றால் போதும்.

ஓ_எக்ஸ்கிள் போட்ட பிறகு, க்யூ ஏற்கெனவே இருக்கிறது என்று இஇஎக்ஸிஸ்ட் எரர் வந்தால் எரிச்சலடையாதே. போன முறை ஓடியது அன்லிங்க் செய்யாமல் செத்துப்போயிருக்கலாம், அல்லது இன்னொரு பிரதி இப்போதே ஓடிக்கொண்டிருக்கலாம். எது என்று தெரியாமல் அன்லிங்க் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? பெயர் உடனே போய்விடும். ஆனால் பழைய க்யூவைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ்களுக்கு அது உயிரோடுதான் இருக்கும். அனுப்புகிறவர் பெயரில்லாத பழைய க்யூவில் போட்டுக்கொண்டே இருப்பார், எல்லாம் வெற்றி என்றே பதில் வரும். வாங்குகிறவர் காலியான புது க்யூ முன்னால் காத்திருப்பார். பழையது நிரம்பியதும் அனுப்புகிறவர் அப்படியே நின்றுவிடுவார். எந்த லாகிலும் ஒரு வரி இருக்காது. காத்திருக்கும் மெசேஜ்கள் உனக்கு வேண்டுமென்றால், ஓ_க்ரியட் இல்லாமல் திறந்து, எம்க்யூ_கெட்அட்டர் மூலம் அளவுகளைச் சரிபார்த்துவிட்டுத் தொடர்வதுதான் முறை.

அடுத்தது அனுமதி. 0620 கொடுத்திருக்கிறாய், உரிமையாளருக்குப் படிக்க, எழுத, குழுவுக்கு எழுத மட்டும். நல்ல தேர்வு. ஆனால் உமாஸ்க் (புதிதாக உருவாக்கும்போது சில அனுமதிகளை வெட்டும் ப்ராசஸ் அமைப்பு) 022 ஆக இருந்தால் குழுவின் எழுதும் அனுமதி வெட்டப்பட்டு 0600 ஆகிவிடும், வேறு யூசரில் ஓடும் அனுப்புகிறவர் அனுமதி இல்லை என்று இஅக்செஸ் எரர் வாங்குவார். உருவாக்குவதற்கு முன் உமாஸ்க்கை 002 ஆக்கு, முடிந்ததும் பழையபடி மாற்று. இன்னொன்று: ஓ_க்ரியட் போட்டுவிட்டு மூன்றாவது, நான்காவது ஆர்க்யுமென்ட்டை (அனுமதி, அளவுகள்) மறந்தால் சி கம்பைலர் தடுத்தே தீரும் என்று நம்பாதே. கம்பைல் ஆகிவிட்டால், அனுமதியின் இடத்தில் ஏதோ குப்பை போய் உட்காரும்.

பெயர் ஒரே ஒரு சாய்கோட்டில் தொடங்க வேண்டும், நடுவில் இன்னொன்று வரக்கூடாது.

அளவுகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நான்காவது ஆர்க்யுமென்ட்டாக நல் (NULL) கொடுத்தால் வழக்கமான அமைப்பில் 10 மெசேஜ், ஒவ்வொன்றும் 8192 பைட். ரூட் இல்லாத யூசருக்கு உச்சவரம்பும் அதே 10, 8192 தான். 11 கேட்டால் இஇன்வால் எரர். இந்த வரம்புகள் /ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/எம்க்யூ (/proc/sys/fs/mqueue) டைரக்டரியில் இருக்கின்றன, ரூட் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒரு யூசரின் எல்லாக் க்யூக்களுக்கும் சேர்த்து 819200 பைட் என்று ஒரு ரிசோர்ஸ் லிமிட் இருக்கிறது. 10 பெருக்கல் 8192, அதாவது 81920. அப்படியானால் பத்துக் க்யூ என்று கணக்குப் போடத் தோன்றும். ஒன்பதுதான் கிடைக்கும். ஒவ்வொரு மெசேஜுக்கும் கர்னல் வைக்கும் தலைப்புத் தகவலும் கணக்கில் சேர்வதால் பத்தாவது இஎம்ஃபைல் எரரோடு திரும்பும். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்குக் கிடைக்கும் எண்) தீர்ந்துவிட்டதாக நினைத்து அந்தப் பக்கம் தேடாதே. யூலிமிட் கட்டளையை கியூ ஆப்ஷனோடு (ulimit -q) ஓட்டிப் பார். உன் மெசேஜ் 200 பைட்டைத் தாண்டாது என்றால் 8192 எதற்கு? 256 வை, இந்தத் தொல்லையே வராது.

வாங்கும் பக்கம் ஒரு விதி: மெசேஜை வாங்கி வைக்கும் மெமரியான பஃபர், க்யூவின் மெசேஜ் அளவுக்குக் குறையக்கூடாது. வரப்போவது 4 பைட்டே ஆனாலும், பஃபர் சிறியதென்றால் எம்க்யூ_ரிசீவ் மறுத்துவிடும். அளவை நிரலில் எழுதி வைக்காமல் கெட்அட்டரிடம் கேட்டு மெமரி ஒதுக்கு. நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்புவது) வேண்டுமென்றால் அதை ஓப்பனின் ஃப்ளாக்கில் போடு; அட்ரிப்யூட் ஸ்ட்ரக்சரில் உள்ள ஃப்ளாக்கை ஓப்பன் பார்ப்பதே இல்லை.

சோதிக்கும்போது /டெவ்/எம்க்யூ (/dev/mqueue) டைரக்டரியைத் திறந்து வை. க்யூக்கள் ஃபைல்கள் போலத் தெரியும், கேட் (cat) கட்டளையால் பார்த்தால் க்யூசைஸ் என்று ஓர் எண் வரும். அது மெசேஜ் எண்ணிக்கை அல்ல, உள்ளே கிடக்கும் மொத்த பைட். ஆர்எம் கட்டளையால் அங்கேயே அழிக்கவும் செய்யலாம்.

இந்த மாற்றங்களைச் செய்ததும் முதலில் அனுப்புகிறவரை மட்டும் தனியாக ஓட்டு. அவர் காத்திருக்க வேண்டும், க்யூ எதுவும் உருவாகியிருக்கக்கூடாது. பிறகு வாங்குகிறவரை ஓட்டி, நடுவில் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொன்று, மறுபடி தொடங்கு. அப்போது இஇஎக்ஸிஸ்ட் வரும். உன் நிரல் அதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்