ஓடையை அடைக்காதீர்கள், அண்ணாச்சிமாரே

கடையம் பக்கத்து மலையடிவாரத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும்,

வணக்கம். சிவசைலத்திலிருந்து இராமநதி அணை வரைக்கும் மலையை ஒட்டி வயலும் வாழையும் தென்னையும் வைத்திருக்கிற உங்களில் நானும் ஒருவன். பிசான நெல்லுக்கு நாற்று பாவுகிற நேரம் இது. கதிர் பால் பிடிப்பதற்குள் நாம் உட்கார்ந்து பேசியாக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் என் தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி போட்டேன். தென்பொழியில், அதாவது தெற்கு எல்லையில், ஒரு காட்டோடை இறங்குகிறது. அதையும் சேர்த்து வளைத்துக் கம்பி இழுத்தேன். அந்த மாசியில் ஒரு ராத்திரி மோட்டார் ரூம் மாடியில் காவலுக்குப் படுத்திருந்தேன். மணி ஒன்று இருக்கும். ஓடைக்குள் கல் உருளும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் ஏழு யானை. முன்னால் நின்ற கிழவி கம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தும்பிக்கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். கம்பியைத் தொடவில்லை. அவள் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. பின்னால் நின்றவை பிளிறவுமில்லை, முட்டவுமில்லை. கால் மணி நேரம் போல அப்படியே நின்றன. அப்புறம் கிழவி மெல்லத் திரும்பி, வேலியை ஒட்டியே கிழக்கே நடந்தாள். மற்றதெல்லாம் வரிசையாக அவள் பின்னால் போயின.

வேலி காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் பக்கத்து ஆச்சியின் ஏத்தன் வாழை அத்தனையும் கிடந்தது. குலை தள்ளி இரண்டு மாதம்கூட ஆகாத வாழை. மட்டையை நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டுத் தண்டைத் தின்றிருந்தன. ஆச்சி முற்றாத ஒரு குலையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். "நீ வாசல அடைச்சிட்ட, அது எங்கிட்ட வந்துட்டு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கூட்டத்தின் தடத்தைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். காட்டுக்குள் போகவில்லை, விடிந்த பிறகு அடிவாரத்தில் ஓடை ஓடையாக நடப்பதோடு சரி. முன்னங்காலின் தடத்தைச் சுற்றிக் கயிற்றால் அளந்து, அதை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஈர மணலில் பனைநார்க் கயிற்றை வளைத்துக் கிழவியை அளந்தோம். ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மறு வருடமும் அதே ஓடையில், அதே அளவில் அதே தடம்.

லத்தியைக் கிளறிப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். தை கடைசியில் இறங்கும்போது முழுக்க ஈத்தை நார், மலைமேல் வளர்கிற நாணல் மூங்கில். மாசியில் நெல் உமியும் வாழை நாரும். சித்திரையில் மாங்கொட்டை முழுசு முழுசாக. ஆனியில் சாரல் கட்டியதும் அடிவாரத்தில் புது லத்தியே கிடையாது, மேலேறிவிடுகின்றன. மூன்று வருடமாக நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். முதல் தடம் தெரிகிற நாள் வருடத்துக்கு வருடம் பத்து நாள்கூடத் தள்ளிப் போகவில்லை. நம் கோயில் கொடைக்குத் தேதி குறிப்பது போலத்தான் அவையும் வருகின்றன. இதைப் போய் 'ஊருக்குள் யானை புகுந்தது' என்கிறோம். அவை எங்கேயும் புகவில்லை. எங்கள் ஓடை வழியாக இறங்கி, குளத்தில் தண்ணீர் குடித்து, கரையோடு வடக்கே போய் அடுத்த ஓடையைப் பிடித்து, விடிவதற்குள் மலையேறுவதுதான் அவற்றின் வழி. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனியும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். கோடையில் மேலே ஊற்று வற்றும்போது எந்த ஓடையில் இறங்கலாம் என்பது கிழவிக்குத் தெரியும். அவள் குட்டியாக இருந்தபோது தாய் பின்னால் நடந்து பழகிய வழி அது.

யானைக்குப் பரிந்து பேச வந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஆறு தென்னம்பிள்ளை போயிருக்கிறது. ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைச் சாய்த்து, குருத்தை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கொரு வேலியை ஆளுக்கொரு திசையில் போட்டு, ஓடையையும் அடைத்தால், கூட்டம் மலைக்குத் திரும்பிப் போகாது. வேலி போட வசதியில்லாதவன் வயலுக்குத்தான் போகும். நம் ஊரில் யானையால் நஷ்டப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்கள். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சில பேர் நேரடியாக லைனிலிருந்து கரண்ட் கொடுக்கிறார்கள். சோலார் வேலி சுண்டிவிட்டு விடும், இது ஆளையும் மாட்டையும் யானையையும் சேர்த்துக் கொல்லும். காட்டை ஒட்டிப் போடுகிற மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023இல் தமிழ்நாட்டில் விதியே வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், ராத்திரி மடை திறக்கப் போகிற நம் பிள்ளைகளை நினைத்து அந்த வயரைக் கழற்றுங்கள்.

இன்னொன்று. நம் மலை யானைகள் கொஞ்சம்தான். செங்கோட்டைக் கணவாயில் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் ஊர்களும் வந்து, அதற்கு வடக்கே இருக்கிற கூட்டங்களோடு போக்குவரத்து அற்றுப்போய்விட்டது. கணவாய்க்குத் தெற்கே உள்ள யானைகள் மரபணுவிலேயே தனியாகப் பிரிந்து நிற்கின்றன என்று 2024இல் வந்த ஆய்வு சொல்கிறது. 2022இல் அகத்தியமலையில் 1,197 சதுர கிலோமீட்டரை யானைகள் காப்பகமாக அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் கிழவி காப்பகத்து எல்லைக்கல்லைப் பார்த்தா நடக்கிறாள்? அவள் வழியில் கடைசி இரண்டு மைல் நம் கையில் இருக்கிறது. பெண் யானை ஒரு குட்டியை 22 மாதம் சுமக்கிறது. அந்த ஏழில் ஒன்று கம்பியில் மாட்டிச் செத்தால், வடக்கேயிருந்து வந்து ஈடுகட்ட வேறு யானை இல்லை.

ஆகவே கேட்கிறேன். ஓடைப் புறம்போக்கை யாரும் அடைக்க வேண்டாம். ஓடையின் இரண்டு கரையிலும் எல்லாரும் சேர்ந்து ஒரே தொடர்ச்சியாக வேலி போடுவோம், மலையிலிருந்து குளம் வரைக்கும். செலவை ஏக்கர் கணக்கில் பிரிப்போம், அரை ஏக்கர்காரர்களிடம் வாங்க வேண்டாம். கூட்டம் ஓடைக்குள் நடக்கும்போது முன்னால் நின்று வெடி போடாதீர்கள். குட்டி மிரண்டால் கிழவி எந்தப் பக்கம் பாய்வாள் என்று யாருக்கும் தெரியாது. என் நோட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். காவலுக்கு எந்த வாரம் ஆள் வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கம்பியை எடுக்க எனக்கே மூன்று வருடம் ஆகிவிட்டது. தென்னை போய்விடுமே என்ற பயம்தான். போன வாரம் ஓடைக்குள் நின்ற பதினோரு கம்பத்தையும் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி மோட்டார் ரூமில் வைத்துவிட்டேன். ஆச்சி இந்த வருடமும் ஏத்தன்தான் போட்டிருக்கிறாள். அவள் வாழைக்கு ஓடைப்பக்கம் கட்ட அந்தக் கம்பி போதும், குழி போடத்தான் ஆள் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடப்பாரை இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்