பழைய தொலைபேசி ரிசீவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் இங்கே சிங்கப்பூரில் ஒரு தமிழ் மேடை நாடகம் பார்த்தேன். 1970களில் நடக்கும் கதை. கம்பத்து வீடு, தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து வைத்திருந்தார்கள். மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் அண்ணன் மளிகைக் கடைத் தொலைபேசிக்கு டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) போடும் காட்சி வந்தது. அங்கேதான் எனக்கு மனம் ஒட்டவில்லை. அண்ணனின் குரல், காய்ச்சலில் படுத்து எழுந்தவர் பேசுவதுபோல் மெலிந்து கேட்டதே தவிர, தொலைபேசியில் வருகிற குரலாக இல்லை.

நாடகம் முடிந்ததும் ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டேன். "300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400க்கு மேலேயும் வெட்டிவிட்டேன் ஐயா, அதுதானே தொலைபேசி?" என்றார். அவர் சொன்ன எண்கள் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு) மிகச் சரி. தொலைபேசிக் கம்பியில் பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அவ்வளவுதான். ஆணின் அடிக்குரல் பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையில் இருப்பதால் அது கம்பியில் வந்து சேர்வதே இல்லை. மேலே வரும் அதிர்வுகளை வைத்து நம் மூளைதான் அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது. மேல்பக்கம் வெட்டுப்படுவதன் தொல்லை நம் எல்லாருக்கும் தெரியும். அடையாள அட்டை எண்ணைத் தொலைபேசியில் சொல்லும்போது 'எஸ்' என்றால் எதிர்முனையில் 'எஃப்' என்று எழுதிக்கொள்வார்கள். அந்த இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டும் சீறல் 3,400க்கு மேலேதான் அதிகம். நம் ழகரம் எப்படியோ இதில் தப்பித்துக்கொள்கிறது. சரியாக உச்சரித்தால் தொலைபேசியிலும் ழகரம் ழகரமாகவே கேட்கும். உச்சரிப்பது வேறு கதை.

ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். மறுபாதி கரியில் இருக்கிறது. நான் தொலைபேசிப் பழுது பார்த்துப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன். பழைய ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் வட்டமான ஓர் உலோகச் சிமிழ் கையில் விழும். காதருகே வைத்துக் குலுக்கினால் சரசரவென்று கேட்கும். உள்ளே இருப்பவை கரித்துகள்கள். நாம் பேசும்போது முன்னால் இருக்கும் மெல்லிய தகடு அசைந்து அவற்றை நெருக்குகிறது. நெருங்கினால் மின்தடை குறையும், தளர்ந்தால் கூடும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. 1870களின் இறுதியில் எடிசன், ஹியூஸ், பெர்லினர் என்ற கண்டுபிடிப்பாளர்கள் மூவரும் தனித்தனியே முட்டிமோதிய சங்கதி இது. நூறு ஆண்டுக்கு மேல் உலகம் முழுவதும் இதில்தான் பேசியது.

கரிக்கு ஒரு குணம் உண்டு. உரக்கப் பேசினால் கரகரத்துக் குழறும். மெல்லிய சத்தத்தைச் சரியாக வாங்காது. அதனால் பின்னால் ஓடும் மின்விசிறி அவ்வளவாகக் கேட்காது, வாயருகே வரும் பேச்சு மட்டும் முந்திக்கொண்டு வரும். ஈரம் ஏறினால் துகள்கள் கட்டிப்பட்டுக் குரல் மங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். "நான் பேசுவது அந்தப் பக்கம் விழவில்லை" என்று புகார் வந்தால், ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவதுதான் பல வீடுகளில் நான் பார்த்த முதல் வைத்தியம். இதையெல்லாம் மென்பொருளிலும் ஓரளவு கொண்டுவரலாம், மறுக்கவில்லை. யார் மெனக்கெடுகிறார்கள்?

அமெரிக்காவில் காப்பர்ஃபோன் என்ற பெயரில், செம்புக் கூட்டுக்குள் வைத்து, இந்தப் பழைய குரலுக்கென்றே ஒலிவாங்கியைக் கையால் செய்து விற்கிறார்கள். பாடகர்கள் வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. கரிச்சிமிழ் ஒன்று, 9 வோல்ட் மின்கலம் ஒன்று, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடை, ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்குள் நேர்மின்னோட்டம் போகாமல் தடுக்க ஒரு சிறிய ஒலி மின்மாற்றி, இவை போதும். உதிரிப் பாகங்கள் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். மிக்சரில் ஒலிவாங்கிக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானை மட்டும் அணைத்துவையுங்கள். இதுவும் முடியாதென்றால் காதுப்பக்கத்தில் இருக்கும் கருவியை ஒலிவாங்கியாகப் பயன்படுத்துங்கள். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருப்பதால் அதற்கு மின்கலமே தேவையில்லை. 1877இல் விற்பனைக்கு வந்த கிரகாம் பெல்லின் தொலைபேசியிலும் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே மாதிரிக் கருவிதான் இருந்தது. கரகரப்புக் கொஞ்சம் குறையும். கேட்கும் அதிர்வெண்களின் எல்லை ஏறத்தாழ அதேதான்.

வேறு ஒரு பயனும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. சமூக மன்றத்தில் ஒத்திகை பார்த்த பிள்ளைகளிடம் இப்படிச் செய்த ரிசீவரைக் கொடுத்தேன். கன்னத்தில் ஒட்டிய சிறு ஒலிவாங்கியில் பேசியபோது சாதாரணமாக வசனம் சொல்லிக்கொண்டிருந்த பெண், ரிசீவரைக் கையில் எடுத்ததும் உடம்பைத் திருப்பிக்கொண்டு, வாயைப் பொத்தி, சொற்களை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவள் குரலே ரிசீவரின் மறுமுனையில் கரகரப்பாக அவள் காதுக்குத் திரும்பி வந்ததுதான் காரணம். பழைய தொலைபேசியில் நாம் பேசுவது நமக்கே சற்றுக் கேட்கும்; அதை மனத்தில் வைத்தே அப்படி இணைத்திருந்தேன். இயக்குநர் சொல்லிக் கொடுக்காததைக் கருவி சொல்லிக் கொடுத்துவிட்டது.

அடுத்த ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு நாடகமோ மேடை வானொலி நாடகமோ தயாரிக்கும் குழுக்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். சிக்கல், பழைய ரிசீவர் கிடைப்பதுதான். சுங்கை ரோடு சந்தை இருந்தவரை தரையில் விரித்துப் போட்டிருப்பார்கள். 2017 ஜூலையில் அதையும் மூடியாகிவிட்டது. ஆகவே வீடு மாறுகிறவர்களும் பெற்றோர் வீட்டைக் காலி செய்கிறவர்களும் பழைய சுழல் எண் தொலைபேசியைக் குப்பையில் சேர்ப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த நாடகக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிந்தி வந்த பொத்தான் தொலைபேசிகள் பலவற்றில் கரி கிடையாது, எலெக்ட்ரெட் என்ற வேறு வகைச் சிறிய ஒலிவாங்கிதான். வாங்குகிற குழுவினர் சிமிழைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தொலைபேசிப் பழுதுபார்ப்பாளர்,
அங் மோ கியோ