சேட் கழற்றப் பயப்படும் பெடியன்களுக்காக ஒரு திறந்த மடல்

வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். வன்னியில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். தரம் 7இலும் 10இலும் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில், ஆண்பிள்ளைகளைச் சில நிமிடமாவது தனித்தனியாக, மறைப்புக்குள் வைத்துப் பாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

மார்பு பெருத்துவிட்டதே என்று ஒடுங்கிப்போன பெடியன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் சேட்டுக்குள் இரண்டு பெனியன் போடுவார்கள். கூட்டாளிகள் வாய்க்காலில் குதிக்க, இவன் கரையில் உடுப்புக்குக் காவல் இருப்பான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வீடே வெளிக்கிட, கோயிலில் சேட் கழற்ற வேணுமே என்று இவனுக்கு மட்டும் அன்றைக்கு வயிற்றுக்குத்து வரும். தாய்மார் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "மிஸ், இவன் ஆம்பிளையா வருவானோ?"

வருவான். பருவ வயதில் ஏறத்தாழப் பாதிப் பெடியன்களுக்கு முலைக்காம்பின் கீழ் திசு திரளும், தொட்டால் நோகும். ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் சுரக்கிறது. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் போதிய அளவு கூடும்வரை அதன் கை ஓங்கி நிற்கும். அநேகமாக இரண்டு வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். உடம்பு பெருத்துச் சேரும் கொழுப்பு வேறு, அதற்குள் அந்தத் திசு கையில் தட்டுப்படாது.

வளர்ந்த ஆண்களின் கதை வேறு. கசிப்புச் சாராயத்தால் ஈரல் கெட்டவர்களுக்கும், நம் பக்கத்தில் பெருகிவரும் சிறுநீரக நோயாளருக்கும் இது வரும். இதய, ஈரல் நோய்க்குக் கொடுக்கும் ஸ்பைரனோலக்டோன், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் போன்ற குளிசைகளாலும், ஜிம்மில் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசிகளாலும் வரும். வைத்தியர் தந்த குளிசையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது, அவரிடமே சொல்லி மாற்றவேண்டும். பட்டினியும் இதில் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களில் வாடிய ஆண்களுக்கு, விடுதலையாகி வயிறாரச் சாப்பிடத் தொடங்கியபின் மார்பு பெருத்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. பசி என்ன செய்யும் என்று வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வைத்தியம் இருக்கிறது. நோகிற ஆரம்ப காலத்தில் சிலருக்குத் தமொக்சிபன் குளிசை உதவும், அதுவும் வைத்தியர் பார்த்துத் தரவேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாகித் திசு இறுகிவிட்டால் குளிசை பெரிதாகக் கேளாது. அப்போது சத்திரசிகிச்சைதான். ஒரு பக்கம் மட்டும் கல்லுப்போல் கட்டி, காம்பிலிருந்து இரத்தம், விதையில் வீக்கம் என்றால் ஒரு நாளும் சுணங்கக்கூடாது. மார்புப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். இரத்தம் வந்தும் வெட்கத்தில் மறைத்துப் பிந்தி வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்குதில்லை.

அதிபர்களே, விளையாட்டுப் பாடத்தில் எந்தப் பிள்ளையையும் சேட் கழற்றச் சொல்லாதீர்கள். பட்டப்பெயர் வைப்பவனைக் கண்டியுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்கிற ஆசிரியரை அதைவிடக் கடுமையாகக் கண்டியுங்கள். வைத்திய அதிகாரிகளே, பரிசோதனை நாளில் பெடியன்களை வெறும் மேலோடு வரிசையில் நிறுத்தவேண்டாம். ஒரு திரை கட்டி, "மார்பில் நோவு, வீக்கம் ஏதும் இருக்கா தம்பி?" என்று ஓர் ஆண் உத்தியோகத்தர் கேட்கட்டும். வரும் தவணையிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி