பாலிஷ் சரியாக வராத மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உன் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மூன்று வருஷமாகச் செய்த சோதனை நீ நினைத்ததற்கு நேர்மாறாக வந்துவிட்டது, ஒரு மாதமாகியும் உன் ஆராய்ச்சி கைடிடம் சொல்லவில்லை என்றாயே, அதுதான். உன் சோதனை எனக்குப் புரியாது. ஆனால் போன லீவில் நீ விட்டுவிட்டுப் போன விஞ்ஞானத் தத்துவஞானி கார்ல் பாப்பரின் தன்வரலாற்றை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு மாதமாகப் படித்து முடித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மனுஷன் நம்ம தச்சுத் தொழில் பழகியவர்! 1902-ல் வியன்னாவில் வக்கீல் வீட்டில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் வீட்டுச் சேமிப்பெல்லாம் கரைந்துபோனது. 1922 முதல் 1924 வரை வயதான தச்சர் ஒருவரிடம் வேலை கற்றிருக்கிறார். "எதை வேண்டுமானாலும் கேள், எனக்கு எல்லாம் தெரியும்" என்பாராம் அந்த மேஸ்திரி. நிற்காமல் ஓடும் யந்திரத்துக்குக்கூட வழி வைத்திருந்தாராம். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை வேறெந்த ஆசிரியரையும்விட அவரிடம்தான் அதிகம் கற்றதாக பாப்பர் எழுதுகிறார். அங்கே செய்த வேலை முப்பது மகாகனி எழுத்து மேசைகள், ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட இழுப்பறைகள். புத்தி தத்துவத்தில் போனதால் பாலிஷ் கெட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பட்டறையில் யோசனை பண்ணினால் விரல் போகும். அவருக்குப் பாலிஷோடு போயிற்று.

அந்த யோசனை 1919-லேயே தொடங்கிவிட்டது. மனோதத்துவ நிபுணர் அட்லரிடம் ஒரு குழந்தையின் விஷயத்தைச் சொல்கிறார். குழந்தையைப் பார்க்காமலே தன் கொள்கைப்படி அட்லர் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டால், "ஆயிரம் பேரைப் பார்த்த அனுபவம்" என்றாராம். "இப்போது ஆயிரத்தொன்று ஆகிவிட்டதாக்கும்" என்றார் பாப்பர். அதே வருஷம் சூரிய கிரகணத்தில் வானியலாளர் எடிங்டன் குழுவினர் சூரியனருகே நட்சத்திர ஒளி வளைவதை அளந்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கு வளையாமல் இருந்தால் அவர் கொள்கையே போயிருக்கும். எது வந்தாலும் பொருத்திக்கொள்ளும் கொள்கை விஞ்ஞானம் இல்லை, இன்னது நடந்தால் நான் தப்பு என்று முன்கூட்டியே சொல்வதுதான் விஞ்ஞானம் என்பது அவர் கட்சி. 1934-ல் அதைப் புத்தகமாக்கினார். அப்போது அவர் பள்ளிக்கூட வாத்தியார்தான். 1937-ல், ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் வருவதற்கு முன்பே, நியூசிலாந்துக்குப் போய்விட்டார். 1946-ல் லண்டன். அப்புறம் சர் பட்டம், புகழ் எல்லாம்.

உனக்கு நான் சொல்ல வந்தது நியூசிலாந்துக் கதை. டனீடனில் ஜான் எக்கிள்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி இருந்தார். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி மின்சாரமாகத்தான் தாவுகிறது என்பது அவர் பிடிவாதம். ரசாயனம் வழியாகப் போகிறது என்றவர்களோடு வருஷக்கணக்கில் சண்டை. தன் பக்கம் சரிகிறது என்று தெரிந்து மனமுடைந்திருந்த நேரத்தில், 1945-ல் பாப்பரைச் சந்தித்தார். கருத்து தப்பாகிப்போவதில் வெட்கமில்லை, எங்கே அடித்தால் உடையும் என்று தெரிகிற மாதிரி அதைக் கூர்மையாகச் சொல், நீயே அடித்துப் பார் என்றார் பாப்பர். 1951-ல் எக்கிள்ஸும் கூட்டாளிகளும் மெல்லிய மின்முனையைப் பூனையின் முதுகுத்தண்டு நரம்பணுவுக்குள் செருகிப் பார்த்தபோது, மின்னழுத்தம் அவர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்த்திசையில் நகர்ந்தது. அதோடு எதிரணிக்கு மாறிவிட்டார். அந்த ஆராய்ச்சி 1963-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூனைச் சோதனைக்குப் பிறகு சில வருஷங்களிலேயே, கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலின் நரம்பில் மின்சார வழியும் இருப்பதாக வேறு இருவர் கண்டுபிடித்தார்கள்!

பாப்பர் சொல்வதையெல்லாம் நான் அப்படியே ஏற்கவில்லை. நிலையில் கதவு சேராவிட்டால் உடனே கதவையா உடைப்போம்? டேப் சரியா, நிலை கோணலா, மரம் ஈரமா என்று பார்ப்போம். விஞ்ஞானிகளும் அப்படித்தான், ஒரு சோதனைக்காகக் கொள்கையை விட்டுவிட மாட்டார்கள் என்று விஞ்ஞான வரலாறு எழுதிய தாமஸ் கூன் போன்றவர்கள் வாதாடினார்கள். இன்னொன்று, விமர்சனம்தான் உயிர் என்று எழுதியவர், தன்னை யாராவது விமர்சித்தால் கோபப்படுவாராம். அவரோடு பழகியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மனுஷ சுபாவம்தானே.

அதனால் முதலில் டேப்பைப் பார். மறுபடி செய்தும் அதேதான் வருகிறதா? அப்படியானால் திங்கட்கிழமையே கைடிடம் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. திட்டினால் திட்டட்டும். சொன்னதும் எந்நேரமானாலும் போன் பண்ணு, அம்மா முழித்திருப்பாள்.

உன் மேசையின் மேல் இழுப்பறை மழையில் ஊதி இறுகிவிட்டது. இரண்டு பக்கமும் லேசாக இழைத்து வைத்திருக்கிறேன். மெழுகு தடவினால் ஓடும். பாலிஷ் இன்னும் போடவில்லை, வெயில் வரட்டும்.

அன்புடன்,
அப்பா