கிடங்கை மூடச் சொன்னோம், ஒழுங்கையை மூடினீர்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். வாசிகசாலையடியில் தொடங்கித் தோட்டவெளிக்குள்ளால் போய்ப் பிள்ளையார் கோயில் கேணியடியில் முடியும் ஒழுங்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் நடுவில் யார் கல் கிண்டினார்கள், எத்தனை டிப்பர் போய் வந்தது, எப்போது முறைப்பாடு தந்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் உத்தியோகத்தர் வந்து படமும் எடுத்துக்கொண்டு போனார். ஆகவே அதையெல்லாம் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க விரும்பவில்லை.

போன கிழமை ஒரு இரவு பெய்த மழையில், கல் கிண்டிய அந்தப் பெரிய குழியின், எங்கள் பேச்சில் கிடங்கின், பக்கமாக ஒழுங்கையின் ஓரம் இடிந்து விழுந்தது. காலையில் நடக்கப் போன நாங்கள்தான் முதலில் பார்த்தோம். உடனே அறிவித்தோம். இரண்டு நாளில் நடவடிக்கை எடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எடுத்த நடவடிக்கை என்ன? ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தகரம் அடித்து, 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகையும் கட்டிவிட்டீர்கள். கிடங்கு அப்படியே திறந்து கிடக்கிறது. அதற்குப் போகும் டிப்பர் பாதையும் அப்படியே திறந்து கிடக்கிறது. கிடங்கை மூடச் சொல்லிக் கேட்டோம். நீங்கள் நடக்கிற சனத்தின் வழியை மூடினீர்கள்.

தயவுசெய்து அந்த ஒழுங்கையைத் திறந்து தாருங்கள்.

ஒரு ஒழுங்கைக்கு ஏன் இவ்வளவு கதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் அயலில் இருக்கும் ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டியவர். சீனி வருத்தம், முழங்கால் நோ. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் 'தினமும் அரை மணித்தியாலம் நடக்கவும்' என்று எழுதி அனுப்புகிறார்கள். அவருக்கு அந்த நடை கோயிலுக்குப் போகும் நடைதான். ஒழுங்கையால் போனால் மேடு பள்ளம் இல்லை, வாகனம் இல்லை, இரண்டு பக்கமும் பூவரசு நிழல். இடையில் இளைப்பாறக் கல்லும் இருந்தது. போய்த் திரும்பச் சரியாக அவருடைய அரை மணித்தியாலம் ஆகும்.

இப்போது அவர் பிரதான வீதியால் போக வேண்டும். அந்த வீதியைக் காப்பெட் போட்டு அகலமாக்கினார்கள். நடக்கிறவர்களுக்கு விட்ட இடம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம். அதற்கு அடுத்தது மூடியில்லாத வாய்க்கால். தகரம் அடித்த அடுத்த நாள் அவரோடு நானும் போனேன். பின்னால் டிப்பர் கோர்ன் அடிக்கும்போதெல்லாம் பெரியம்மா நின்றுவிடுவார். ஒதுங்க இடம் இல்லை. ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி போகும்வரை கண்ணை மூடியபடி நிற்பார். வண்டி போன காற்றில் அர்ச்சனைத் தட்டிலிருந்த பூ வாய்க்காலுக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கவும் முடியாது. பாதி வழியில் "போதும் பிள்ளை, வீட்டுக்குப் போவம்" என்றார். அதற்குப் பிறகு அவர் படலைக்கு வெளியே வரவில்லை.

பெரியம்மா மட்டும் இல்லை. காலையில் அந்த ஒழுங்கையில் நடந்தவர்கள் பலர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோட்டத்துக்குப் போகிறவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து மெல்ல மெல்ல நடந்து பழகியவர்கள் என எல்லோரையும் டிப்பரின் முன்னால் இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

எங்கள் யாழ்ப்பாண மண் நடப்பதற்கென்றே அமைந்த மண். ஆறு இல்லை, மலை இல்லை. மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல் அடித்தளம் வடக்குக் கரையில் கொஞ்சம் உயர்ந்து, தெற்கே கடலேரிப் பக்கம் மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வு காலுக்குத் தெரியாது. மழை விட்டுச் சிறிது நேரத்தில் செம்பாட்டு மண் தண்ணீரைக் குடித்துவிடும், செருப்பில் சேறு ஒட்டாமல் நடக்கலாம். வலிகாமத்துக்கு ஆறு என்று பேர் சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மற்றபடி பெய்த மழையெல்லாம் கல்லுக்குள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய தண்ணீரைத்தான் கீரிமலையில் கடலோரக் கேணியில் குளிக்கிறோம், நிலாவரைக் கிணற்றில் எட்டிப் பார்க்கிறோம், ஊரெழுப் பொக்கணையில் பார்க்கிறோம், எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கிணற்றிலும் அள்ளிக் குடிக்கிறோம். இந்த இடங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் சனம் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தே போனது. புத்தூர்ப் பக்கத்தாருக்கு நிலாவரை ஒரு காலை நடை. கந்தரோடையில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பழைய தூபிகளைச் சுன்னாகத்துச் சந்தைக்கு வந்தவர்கள் அப்படியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அப்படி நடந்த சனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துச் செய்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். தலைச்சுமையை இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கி வைத்துத் திரும்பத் தூக்க, தோளுயரத்தில் சுமைதாங்கிக் கல். மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல். தண்ணீர் குடிக்கக் கேணி. தங்க மடம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்க, வீட்டுப் படலைக்கே கூரை போட்ட சங்கடப்படலை. பருத்தித்துறையில் தெருவின் குறுக்கே கூரை வைத்துக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லாலும் சாந்தாலும் செய்தவை.

எங்கள் ஒழுங்கையின் முடக்கிலும் ஒரு சுமைதாங்கி நின்றது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது எங்கள் வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்று ஒரு குடும்பம் வைத்த கல் அது. எழுத்து தேய்ந்துவிட்டது, தடவிப் பார்த்தால் இரண்டு எழுத்து விரலில் படும். பெரியம்மா இளைப்பாறிய கல்லும் அதுதான். டிப்பர் திரும்ப இடம் காணாது என்று ஜேசிபியால் அதைத் தள்ளிவிட்டார்கள். மேற்கல் இரண்டாக உடைந்து கிடங்கின் விளிம்பில் கிடக்கிறது. உங்கள் உத்தியோகத்தர் எடுத்த படத்தில் அதுவும் இருக்கும். ஒரு தடவை பெருப்பித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கிடங்கு. காணி திருத்துகிறோம் என்று தொடங்கினார்கள். மேல்மண்ணை வழித்து விற்றார்கள், பிறகு கல்லைக் கிண்டி விற்றார்கள். இப்போது அடியில் தண்ணீர் தெரிகிறது. அது தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் முழுக்க வெடிப்பும் துவாரமும். அந்தக் கிடங்கில் தெரிவதும் எங்கள் கிணற்றில் நிற்பதும் ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்தான் இரவில் உரப்பையில் கட்டிக் கோழிக்கழிவும் பம்பேர்சும் கொண்டுவந்து எறிகிறார்கள். எங்கள் நன்னீர் கீழே கிடக்கும் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். இந்த மாரியில் கிடங்கு நிறைந்தால், அதில் ஊறியதெல்லாம் சுற்றியுள்ள கிணறுகளுக்குள் போகும். காங்கேசன்துறையில் 1950 முதல் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் கிண்டிய குழிகள், தொழிற்சாலை 1990 இல் நின்ற பிறகும் வெறும் குழிகளாகவே கிடந்தன. கிண்டிய கல் திரும்ப முளைப்பதில்லை என்று எங்களுக்குச் சொல்லித்தர வேறு யாரும் வேண்டியதில்லை.

அலுவலகத்தில் கேட்டபோது, "கல் அகழ்வு எங்கள் அதிகாரத்தில் இல்லை, 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் கொடுப்பது வேறு பணியகம்" என்று சொன்னார்கள். சரி. கல் உங்கள் அதிகாரத்தில் இல்லை. ஒழுங்கை உங்கள் அதிகாரத்தில்தானே? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் மூன்றையும் உங்கள் பொறுப்பில் தந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்றுக்கும் கேடு வந்திருக்கிறது. பாதையின் ஓரத்தை இடித்தவருக்கு ஒரு கடிதம் எழுதவும், இடிந்ததை அவர் செலவில் கட்டச் சொல்லவும் சபைக்கு முடியாதா? தகரம் அடிக்க முடிந்ததே.

கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. எத்தனை வருடம் எங்கள் பாதைகள் இராணுவ முள்ளுக்கம்பிக்குப் பின்னால் கிடந்தன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் வந்து குடியிருந்த சனம், தங்கள் ஊர் ஒழுங்கைகளைப் பெயர் சொல்லிச் சொல்லியே வயதாகிப் போனது. அவர்களில் எத்தனையோ பேர் திரும்ப அந்த ஒழுங்கைகளில் கால் வைக்காமலே கண்ணை மூடினார்கள். அப்போது கேட்க முடியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. இப்போது எங்கள் பாதையை மூடுவது எங்கள் ஆட்கள். எங்கள் வாக்கில் வந்த சபை. 2025 மே மாதத் தேர்தலுக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் இதே ஒழுங்கையால்தான் நடந்து வந்து எங்கள் படலைகளைத் தட்டினீர்கள்.

இது ஒரு ஒழுங்கையோடு நிற்கும் கதையும் இல்லை. கிடுகு வேலியும் கதியாலும் போய் மதில் வந்தபோது ஒவ்வொருவரும் ஒரு அடி, அரை அடி வெளியே தள்ளிக் கட்டினார்கள். மாட்டுவண்டி போன ஒழுங்கையில் இப்போது ஒரு ஓட்டோ நுழையச் சிரமப்படுகிறது. மதில் வந்ததோடு நிழலும் போனது. பிறகு கொங்கிறீற் போடுகிறோம் என்று வளவுகளை விட உயர்த்திப் போட்டார்கள், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வீடுகளுக்குள் போகிறது. இதையெல்லாம் அபிவிருத்தி என்று கணக்கில் எழுதுகிறீர்கள். நடக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு மாதிரிச் செய்திருக்கலாம்.

பிரான்சில் இருக்கும் என் பெறாமகள் விடுமுறைக்குத் தெற்கே போய் எடுத்த படங்களை அனுப்புவாள். அங்கே கோஸ் என்று சொல்லும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள் இருக்கின்றன. கோஸ் மெஜான் என்ற ஒன்று கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு, ஆயிரம் மீற்றருக்கு மேலே. எங்களைப் போலத்தான், மேலே தண்ணீர் நிற்காது, எல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். செம்மறிகள் தண்ணீர் குடிக்கக் கல் பாவிய குட்டைகளை முந்தைய சனம் கட்டி வைத்திருக்கிறது, பார்த்தால் எங்கள் கேணி நினைவுக்கு வரும். ஊரின் தேவாலயத்தடியில் தொடங்கி, கல்லிலும் மரத்திலும் பூசிய மஞ்சள் கோட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தால், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடலாமாம். சின்னப் பிள்ளைகளும் கிழவர்களும் நடக்கிறார்கள். 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மாவட்டங்கள் நடைவழிகளுக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் உள்ள கிராமப் பாதை ஒன்றை விற்பதென்றால், நடக்கிறவர்களுக்கு மாற்று வழி தந்தாக வேண்டும்.

அந்த வசதியெல்லாம் இங்கே உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. எங்களிடம் மஞ்சள் கோடு இல்லாவிட்டாலும் சுமைதாங்கி இருந்தது. பட்டியல் ஒன்று எழுத எவ்வளவு செலவு? சபை எல்லைக்குள் உள்ள ஒழுங்கைகள் எவை, அவற்றின் பழைய அகலம் என்ன, எங்கே கேணி, எங்கே மடம், எங்கே சுமைதாங்கி என்று நில அளவைப் படங்களை வைத்து எழுதிச் சபையில் தீர்மானமாக்கினால் போதும். வாசிகசாலைப் பெடியன்கள் நடந்து அளந்து தரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்சம் தூரம் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். முதலில் எங்கள் ஒழுங்கை.

இடிந்த ஓரத்துக்குக் கல்லணை கட்டி, கிடங்கின் பக்கமாக உறுதியான வேலி போட்டு, இரண்டு பக்கத் தகரத்தையும் கழற்றுங்கள். வேலை முடியும்வரை டிப்பர் வரக் கூடாது, சனம் நடக்கட்டும். இடியாத பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது, வந்து பாருங்கள். கிடங்குக்குள் கழிவு கொட்டுவதை நிறுத்தி, கொட்டியதை அள்ளுங்கள். உடைந்த சுமைதாங்கியை நிமிர்த்தி வைக்கும் வேலையை எங்களிடம் விட்டாலும் சரி. சுண்ணாம்புச் சாந்து சேர்க்கத் தெரிந்த ஒரு மேசன் ஊரில் இன்னும் இருக்கிறார், கூலியை நாங்கள் சேர்த்துக் கொடுப்போம். அதற்கு உங்கள் எழுத்துமூல அனுமதி மட்டும் வேண்டும்.

ஐப்பசி பிறக்க முன் இது நடக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டால் மிச்ச ஓரமும் விழும், பிறகு நீங்கள் விரும்பினாலும் திறக்க முடியாது.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை எழுத்தில் தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாசிகசாலையடிக்கு வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம். வாகனத்தைத் தயவுசெய்து அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒழுங்கையில் நடக்கும் சனத்தின் சார்பில்,
உங்கள் வட்டாரத்து வாக்காளர் ஒருத்தி