காரணத்தை எழுத்தில் தாருங்கள்: சிறுவர் பனி ஹொக்கித் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தெரிவுக் குழுவினருக்கு,

வணக்கம். ரொறன்ரோ பெருநகரின் கிழக்குப் பகுதியில் இயங்கும் உங்கள் கழகத்தில் சில பருவங்களாக விளையாடிவரும் 13 வயதுச் சிறுவன் ஒருவனின் தாய் நான். இம்மடலின் ஆங்கிலப் படி உங்கள் செயலாளருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். அதையே தமிழிலும் எழுதி வெளியிடுவதற்குக் காரணம், அரங்கின் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் அருகே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலரும் இதே கேள்வியைத் தங்களுக்குள் தமிழில் கேட்டுக்கொண்டிருப்பதுதான். கழகத்தின் பெயரையோ எவருடைய பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. இந்த வசந்தகாலத் தெரிவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஓர் அணியில் ஆறேழு தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் இடம் உண்டு. யாராவது ஒருவருடைய பிள்ளை வெளியே நிற்கத்தான் வேண்டும். இம்முறை அது என் பிள்ளையாக இருந்ததில் எனக்கு வருத்தம் உண்டே தவிர வழக்கு இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. தடுப்பாட்டம் ஆடும் ஒரு சிறுவனை நீங்கள் எதை வைத்து மதிப்பிட்டீர்கள், கடந்த பருவத்திலிருந்து அவன் எதில் தேறியிருக்கிறான், இனி எதில் தேற வேண்டும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

விளக்கம் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு வந்த பதிலில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. அவன் நல்ல பிள்ளை, ஆனால் உடல் அளவு போதாது என்றது முதலாவது வாக்கியம். அடுத்த ஆண்டு மீண்டும் வந்து பார்க்கலாம் என்றது இரண்டாவது.

அந்த முதலாவது வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்திருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதுவரை அவன் மாலை நேரங்களில் நிலவறைச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து, அது திரும்பி வருமுன் இடத் தோளுக்கு மேலாக ஒருமுறையும் வலத் தோளுக்கு மேலாக ஒருமுறையும் திரும்பிப் பார்த்துவிட்டு அதை மட்டையால் ஏந்திக்கொண்டிருந்தான். களத்தின் மூலையில் கிடக்கும் பக்கை (பனியில் சறுக்கும் ரப்பர் வட்டை) எடுக்கப் போகும்போது துரத்தி வருபவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காக உங்கள் கழகத்துப் பயிற்றுநர் ஒருவரே சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. இப்போது அந்தப் பந்து சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுகிறான். கோட்டின் மேல் கோடு விழுந்து அந்த இடமே கறுத்துவிட்டது. புரதத் தூள் வாங்கித் தரச் சொல்கிறான். இடியப்பத்தில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்கிறான், அவர் பதில் தெரியாமல் இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் வைக்கிறார். பெற்றோரின் உயரத்திலிருந்து பிள்ளையின் உயரத்தைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை எங்கோ கண்டுபிடித்து, அவனுடைய அப்பாவின் உயரத்தையும் என்னுடைய உயரத்தையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டான். விடையை எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

பின்னோக்கிச் சறுக்கும்போது இடப்புறம் திரும்புவதில் வேகம் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருந்தால், கோடை முழுவதும் அதைச் செய்து பார்ப்பான். தடுப்புப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டில் எதிராளிக்கு அதிக இடைவெளி விடுகிறான் என்று எழுதியிருந்தால் அதையும் திருத்திக்கொள்வான். எலும்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் ஒரு பிள்ளை அதை எப்படித்தான் செய்து முடிப்பது?

அவன் டிசம்பரில் பிறந்தவன். சனவரி முதலாம் தேதியை எல்லையாக வைத்து வயதுப் பிரிவு அமைப்பதால், ஏறத்தாழ ஓராண்டு மூத்த பிள்ளைகளோடு ஒரே பிரிவில் நிற்கிறான். கனடிய ஹொக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகமாகத் தெரிவாகிறார்கள் என்பதை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டின் ஹொக்கி உலகம் அறிந்துவைத்திருக்கும் விடயத்தை உங்களுக்குக் கற்பிக்க நான் வரவில்லை. தெரிந்திருந்தும் தெரிவுத்தாளில் அதற்கு ஓர் இடம்கூட இல்லையே என்பதுதான் என் வியப்பு. உடல்மோதல் அனுமதிக்கப்படும் வயதுக்கு வந்துவிட்டதால் பெரிய உடம்புக்காரரைத் தேடுகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. காயங்களுக்கு அஞ்சியே, நாட்டின் ஹொக்கியை நிர்வகிக்கும் ஹொக்கி கனடா அமைப்பு 2013இல் 11, 12 வயதுப் பிள்ளைகளின் பீவீ பிரிவில் உடல்மோதலை நிறுத்தியது. பிள்ளையின் பாதுகாப்புக் கருதித்தான் எடுக்கவில்லை என்றால், அதையாவது அப்படியே எழுதுங்கள். அது ஒரு காரணம், அதை ஏற்றுக்கொள்ள முடியும்.

இனி, அவனை நீங்கள் பார்த்த விதத்துக்கு வருகிறேன். தெரிவுப் பயிற்சியில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் ஐவருக்கு ஐவர் ஆட்டம். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள், முதுகில் இலக்கம் மட்டும் ஒட்டிய மேலங்கியோடு, மேலே கண்ணாடிக்குப் பின்னால் குறிப்பெடுக்கும் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே ஆடும் ஆட்டம் அது. முன்கள வீரன் பக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டி ஓடினால் பேனா அசைகிறது. தடுப்பாட்டக்காரனும் அதையே செய்தால் இன்னும் வேகமாக அசைகிறது. ஆனால் துரத்தி வருபவன் நெருங்குமுன் பக்கை எடுத்து, பலகைச் சுவரை ஒட்டி நிற்கும் தன் அணியினனின் மட்டைக்கு ஒரே தட்டில் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடும் பிள்ளையை அங்கே யார் பார்க்கிறார்கள்? அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும். எதிரணி கோலை நோக்கி வராது, பந்தயக்காட்சி போன்ற துரத்தல் இராது. அந்த முதல் தட்டை வாங்க வேண்டியவன் தனியோட்டம் ஓடிப் பெயர் வாங்கப் போய்விட்டால், தட்டிவிட்ட பக் வெறும் பனியில் சறுக்கி எதிராளியிடம் போகிறது. குறிப்பேட்டில் பிழை தட்டியவன் பெயரில் விழுகிறது. இடக்கை மட்டைக்காரனான என் மகனை இரண்டாம் நாள் முழுவதும் வலப் பக்கத்தில் நிறுத்தியிருந்தீர்கள். பலகையோரம் வரும் பக்கை அவன் மட்டையின் பின்புறத்தால் வாங்க வேண்டியிருந்தது. அப்படி நிறுத்துவதில் தவறில்லை, பயிற்றுநர்கள் செய்வதுதான். ஆனால் அன்று அவன் தடுமாறியதைக் கணக்கில் எடுத்தவர்கள், அவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்பதையும் எடுத்தார்களா?

பருவம் முழுவதும் அவன் ஆடிய ஆட்டங்கள் அரங்கின் கமராவில் பதிவாகியிருக்கின்றன. பிளஸ் மைனஸ் கணக்கை மட்டும் பார்த்தால் அவன் சுமார்தான். களத்தில் நிற்கும்போது எந்தப் பக்கம் கோல் விழுந்தது என்பதைத்தான் அந்தக் கணக்குச் சொல்லும்; எதிரணியின் வலுவான முதலாவது தாக்குதல் வரிசை களமிறங்கும் போதெல்லாம் அவனையே எதிரே அனுப்பினார்கள் என்பதைச் சொல்லாது. மாசி மாத ஆட்டம் ஒன்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். அவனைவிட ஒரு தலை உயரமான பிள்ளை நடுக்களத்திலிருந்து முழு வேகத்தில் வருகிறான். இவன் பின்னோக்கிச் சறுக்கியபடியே மட்டையை உள்பக்கமாக நீட்டி நடுவழியை அடைத்து, வெளிப்பக்கத்தை மட்டும் திறந்துவிடுகிறான். வந்தவன் வேறு வழியின்றிப் பலகையோரம் ஒதுங்கி, ஒடுங்கிய கோணத்திலிருந்து அடிக்கிறான். கோல் காப்பாளனும் அலட்டிக்கொள்ளாமல் அதைக் காலால் தடுத்துவிடுகிறான். பெரிய மோதல் இல்லை, கைதட்டல் இல்லை. தடுப்பாட்டம் என்பது இதுதான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் உங்கள் பயிற்றுநர்களே.

தடுப்பாட்டக்காரர்கள் முதிரக் காலம் எடுக்கும் என்பதை வட அமெரிக்காவின் தலையாய தொழில்முறை லீக்கான என்.எச்.எல். கழகங்களே பட்டுத்தான் அறிந்தன. ஐந்தடி ஒன்பது அங்குலம் உயரமுள்ள தடுப்பாட்டக்காரர் ஜாரெட் ஸ்பர்ஜனை 2008 ட்ராஃப்டில் (இளம் வீரர்களைக் கழகங்கள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தெரிவில்) 156ஆவதாக எடுத்த நியூயோர்க் ஐலண்டர்ஸ், ஒப்பந்தம் செய்யாமலே கைவிட்டது. மினசோட்டா வைல்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2021இல் அந்த அணிக்கே தலைவரானார். நம் ரொறன்ரோவிலேயே பிறந்த மார்க் ஜியோர்டானோவை ட்ராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை; 35ஆவது வயதில், 2019இல், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணத்தை வாங்கினார். ஏழு நொரிஸ் கிண்ணம் வென்ற நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம்கூட 1989இல் 53ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார், அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் சுவீடனிலேயே ஆடிவிட்டு வந்தார். என் மகன் இவர்களில் ஒருவனாவான் என்று நான் சொல்லவில்லை. அவன் பெரும்பாலும் ஒரு பொறியியலாளனாகவோ மின்பணியாளனாகவோ ஆகி, ஞாயிறு இரவுகளில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருப்பான். பதினெட்டு வயது இளைஞனையே சரியாக எடைபோட முடியாமல் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் தடுமாறும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதும் உங்கள் உறுதி எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

உடல் அளவுதான் அளவுகோல் என்றால் வேலை மிக எளிது. அரங்க வாசலில் ஓர் அளவு நாடாவும் ஒரு தராசும் வைத்துவிடலாம். பிள்ளைகளை வரிசையில் விட்டு, கோட்டுக்குக் கீழே நிற்பவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம். தெரிவுப் பயிற்சிக்கென்று தனிக் கட்டணம் வாங்க வேண்டியதில்லை, விடிகாலையில் பனிக்களத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை, மேலங்கிகளில் இலக்கம் ஒட்ட வேண்டியதில்லை. தெரிவாகாத பிள்ளைகளின் பெற்றோருக்கு மறுநாளே கோடைகாலத் தனிப்பயிற்சி முகாமின் விளம்பரம் வந்து சேர்கிறதே, அந்த முகாமில் உயரம் வளர்த்துத் தருகிறார்களா என்பதையும் சேர்த்து அறிவித்தால் பணம் கட்டுவதா இல்லையா என்று முடிவெடுக்க எங்களுக்கு உதவியாக இருக்கும். குழுவில் இருப்பவர்களே முகாமையும் நடத்துவது தற்செயல் என்றே நம்ப விரும்புகிறேன். இரண்டு வேலை செய்து பிள்ளைக்குச் சறுக்குக் காலணி வாங்கிக்கொடுக்கும் தகப்பன்மார் இதைப் பற்றி வாகனத் தரிப்பிடத்தில் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டதில்லை. அடுத்த ஆண்டும் உங்கள் முன்னால் பிள்ளையை நிறுத்த வேண்டுமே என்று அவர்கள் உங்கள் காதுபடப் பேசுவதில்லை.

இந்த முகாம் விவகாரத்தை இத்தோடு நிறுத்திக்கொண்டு, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். நீங்களும் தன்னார்வலர்கள்தான், பலருக்கு மறுநாள் வேலை இருக்கிறது, நூறு பிள்ளைகளுக்கும் நீண்ட அறிக்கை எழுத உங்களுக்கு நேரமில்லை என்பதை அறிவேன். ஒரு பக்கம் போதும். மூலையில் பக்கை எடுக்கும் விதம், முதல் தட்டு, நீலக் கோட்டில் விடும் இடைவெளி, இருபுறமும் திரும்பும் வேகம், கோலுக்கு முன்னால் ஆளை மறிக்கும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். மூன்று நாள் பார்த்ததோடு நில்லாமல், பருவத்தில் அவனுக்குப் பயிற்சியளித்தவரிடமும் கேட்டு எழுதுங்கள். பிறந்த மாதத்தையும், அவனை எந்தப் பக்கத்தில் ஆடவிட்டீர்கள் என்பதையும் அந்தத் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள். என் மகனுக்கு மட்டுமல்ல, தெரிவாகாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக வேண்டும். தெரிவானவர்களுக்கும் போனால் இன்னும் நல்லது.

கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஆதரித்துக் கையொப்பமிடப் பெற்றோர் பலர் முன்வந்திருக்கிறார்கள். அதற்கு அவசியம் நேராமல் குழுவே முன்வந்து ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன். எப்படியானாலும், கோடைப் பயிற்சிகள் தொடங்குமுன் என் மகனின் மதிப்பீட்டை எழுத்தில் அனுப்பிவைக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், அவன் பெயருக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கழகத்தின் உறுப்பினரான ஒரு தாய்,
ஸ்காபரோ