ஈப்போ நண்பனுக்கு, சக்கர பேரிங் பற்றி

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. உன் மகனின் கார் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரே சீராக முனகத் தொடங்குகிறது என்றும், பட்டறைக்காரர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் முன் சக்கர பேரிங் (உள்வளையத்திற்கும் வெளிவளையத்திற்கும் இடையே குண்டுகள் உருண்டு சக்கரத்தை எளிதாகச் சுழலவிடும் பாகம்) இரண்டையும் நான்கு டயர்களையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அதற்கு இப்போதே தலையாட்டிவிடாதே. எந்தச் சக்கரம், உண்மையிலேயே பேரிங்தானா என்பது உறுதியாகும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடக் கூடாது என்பதுதான் என் கருத்து. சென்ற மாதம் என் காருக்கும் இதே வேலை நடந்து முடிந்ததால், எல்லாம் மனத்தில் தெளிவாக இருக்கும்போதே விரிவாக எழுதுகிறேன்.

என் பழைய டொயோட்டாவின் சிஓஇயை, அதாவது இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருப்பது உனக்குத் தெரியும். 5 ஆண்டுக்கு எடுத்ததை மறுபடியும் நீட்டிக்க முடியாது. 10 வயதைக் கடந்த வண்டி என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். மீதமுள்ள காலத்திற்கு மட்டும் ஓடப் போகும் வண்டிதானே என்று சத்தத்தைக் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிடலாம் எனச் சிலர் அறிவுரை சொன்னார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. பேரிங் தேய்ந்தால் முதலில் வருவது வெறும் சத்தம்தான்; பிறகு சூடு ஏறும், சக்கரம் ஆடத் தொடங்கும், பிரேக் தட்டான டிஸ்க்கும் சேர்ந்து ஆடுவதால் அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். முற்றிலும் கவனிக்காமல் விட்டால் சக்கரமே கழன்றுகொள்ளவும் கூடும். விரைவுச்சாலையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டியில் அந்த நிலையை வரவிட எவருக்கும் உரிமை இல்லை.

சத்தத்தை இனம் காண்பதற்கு உன் காது போதும். கப்பல் பட்டறையில் ஸ்குரூடிரைவரின் முனையைப் பம்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி, எந்தப் பக்கத்துப் பேரிங் போயிற்று என்று தயங்காமல் சொன்னவன் நீ. காரில் முதலில் பார்க்க வேண்டியது, சத்தம் இன்ஜினின் சுழற்சியோடு ஏறி இறங்குகிறதா, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா என்பதே. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், ஒரே வேகத்தில் போகும்போது கியரை ஒரு கணம் நியூட்ரலுக்குக் கொண்டு வந்தால், இன்ஜின் தணிந்த பிறகும் முனகல் அப்படியே தொடருமானால், இன்ஜினைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, சாலையின் மேற்பரப்பு மாறும் இடங்களைக் கவனி. டயரின் விளிம்பு ஒழுங்கற்றுத் தேய்ந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே குரலில்தான் முனகும். ஆனால் புதிதாகத் தார் போட்ட சாலையில் அது அடங்கிப்போகும், சொரசொரப்பான சாலையில் மறுபடியும் உயரும். பேரிங்கின் முனகல் சாலை மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. இதிலும் ஐயம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். சத்தமும் டயரோடு கூடவே இடம் மாறினால் குற்றவாளி டயர். நான்கு டயர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையையாவது செய்யச் சொல்.

எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் வளைவில்தான் தெரியும். வண்டி இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் பலத்து, வலப்பக்கம் வளையும்போது அடங்கினால், வலப்பக்கத்துப் பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரைவுச்சாலையை விட்டு வெளியேறும் நீண்ட இடப்பக்க வளைவுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பாதுகாப்பான வேகத்திலேயே சில விநாடிகள் தொடர்ந்து கேட்க முடியும். என் வண்டியில் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்திற்குள், சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பியதால், முனகல் மிகத் தெளிவாகக் கேட்டது. ஆயினும் அது வலப்பக்கம் என்று எனக்கு உறுதியானது சுரங்கத்தில் அல்ல, வளைவில்தான். இந்தச் சோதனையும் ஒருபோதும் தவறாது என்று சொல்லிவிட முடியாது. உடற்கூட்டின் வழியாகச் சத்தம் பயணம் செய்வதால், பின் சக்கரத்தின் முனகல் முன்னிருந்து வருவதுபோலவும் தோன்றலாம். ஆகவே வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

தூக்கிய பிறகு பலரும் செய்வது, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. ஆட்டம் இருந்தால் உதவியாளர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாமல் நீடித்தால் சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் முதலியவை. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பார்க்க வேண்டும். ஆனால் ஆட்டமே இல்லை என்பதற்காகப் பேரிங் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோரோடு நான் உடன்பட மாட்டேன். என்னுடையது இம்மியளவும் ஆடவில்லை. மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுழலவிட்டு, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வைத்தார். பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். இடப்பக்கத்தில் வில் சலனமின்றி இருந்தது. வலப்பக்கத்திலோ, மணலை அரைப்பது போன்ற ஒரு நுண்ணிய அதிர்வு விரல் நுனியில் ஏறியது. ஒரு பேரிங்கை மட்டும் மாற்றுவது என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. இரண்டையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கெடாததை வீணாகக் கழற்றுவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

இனி, ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்ற உன் கேள்விக்கு வருகிறேன். உன் மகன் அகலமான ரிம்களை வெளியே தள்ளி நிற்கும்படி மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறாய். என் மனம் முதலில் அங்கேதான் போகிறது. குண்டு பேரிங்கின் ஆயுள் அதன் மேல் விழும் சுமையின் மும்மடிக்கு (சுமையை மூன்று முறை தன்னோடு பெருக்கி வரும் அளவுக்கு) எதிர் விகிதத்தில் மாறுகிறது என்பது பொறியாளர்கள் இன்றும் கணக்கிடும் விதி. சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். டயரின் நடுக்கோடு பேரிங்கின் நடுவிலிருந்து விலக விலக, ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு குழியிலும் பேரிங்கை முறுக்கும் விசை கூடிக்கொண்டே போகிறது. அத்துடன் சாலையோரக் கல்விளிம்பில் பலமாக இடித்தல், வெள்ள நீரில் ஓட்டுதல் ஆகியவையும் காரணமாகலாம். இங்கே மழைக்காலத்தில் திடீர் வெள்ளம் வரும்போது, ஓடிச் சூடேறியிருக்கும் ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) தண்ணீரில் மூழ்கினால், பேரிங்கை மூடிக் காக்கும் சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். மகனிடம் பழைய ரிம்களையே மாட்டச் சொல். அவன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மாற்றும் வேலையைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், ஏனெனில் நல்ல பேரிங்கை வாங்கி, பொருத்தும் முறையிலேயே கொன்றுவிடும் பட்டறைகள் உண்டு. ஹப்போடு ஒன்றாக வந்து நான்கு போல்ட்டில் பொருந்தும் வகையாக இருந்தால் கவலை குறைவு. உன் மகனுடையது நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிரஸ் என்னும் அழுத்தும் இயந்திரத்தால் ஏற்றும் வகை என்றே எண்ணுகிறேன், என்னுடையதும் அதுதான். முதலில் ஹப்பைப் பிரஸ்ஸால் வெளியே தள்ள வேண்டும். அப்போது உள்வளையத்தின் ஒரு பாதி பெரும்பாலும் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புல்லர் என்னும் இழுக்கும் கருவியால் எடுக்கலாம், அசையாவிட்டால் கிரைண்டரால் வளையத்தைப் பாதி ஆழம் மட்டும் வெட்டி, உளியால் ஓர் அடி கொடுத்துப் பிளக்க வேண்டும். ஹப்பின் தண்டில் கிரைண்டர் பட்டுவிட்டால் அந்த ஹப்பை மறுபடி நம்ப முடியாது.

புதியதை ஏற்றும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: விசை எந்த வளையத்தின் மேல் விழுகிறது என்பது. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது, உள்வளையத்திற்கு அடியிலிருந்து அதே அளவுள்ள குழாயைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். இடம் மாறி அழுத்தினால் முழு விசையும் குண்டுகளின் வழியாகவே கடந்து, அவை ஓடும் பாதையில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்களால் புதுப் பேரிங்கும் விரைவிலேயே முனகத் தொடங்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவர் கையில் வண்டியைக் கொடுக்கவே கூடாது. உன் மகனின் காரில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார் இருந்தால், பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலில் காந்த வளையம் பதித்திருக்கலாம். ஒரு காகிதக் கிளிப்பை அருகில் கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும் பக்கம் அதுவே. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால், எல்லாம் பூட்டி முடித்த பிறகு டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடியும் அனைத்தையும் கழற்ற வேண்டும்.

பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் படித்துப் பார்க்கச் சொல். டிஏசி 40720037 என்று இருந்தால், உள் துளை 40 மில்லிமீட்டர், வெளி விட்டம் 72, அகலம் 37 என்று பொருள். பழையதையும் புதியதையும் காலிப்பரால் அளந்து ஒப்பிடுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். போலிகள் உலாவும் பொருள் இது. மலிவு விலையை நம்பாமல் அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் என்எஸ்கே, கோயோ, என்டிஎன் போன்ற பெயர் பெற்றதையே வாங்குவது நல்லது.

கடைசியாக, சக்கர அச்சின் முனையில் பூட்டும் ஆக்சில் நட். அது பேரிங்கின் இரண்டு உள்வளையப் பாதிகளையும் சேர்த்து இறுக்கி, உள்ளே இருக்க வேண்டிய அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே புது நட்டைத்தான் போட வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் இறுக்கும் கருவியால் முடித்துவிடாமல், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். பல சிறிய கார்களில் இது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ மேலாகவோ இருக்கும். சரியான எண்ணை அந்த வண்டியின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். நட்டை முழுமையாக இறுக்கும் முன் வண்டியின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கவே கூடாது. ஷாக் அப்சார்பரோடு நக்கிளை இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மென்ட்டையும் பார்த்துவிடச் சொல்.

கழற்றிய பழைய பேரிங்கைக் குப்பையில் போடவிடாமல் கேட்டு வாங்கி, பிரித்துப் பார். என்னுடையதில் கிரீஸ் காப்பி நிறத்தில் நீர்த்துப்போயிருந்தது. உள்வளையத்தின் ஓடுபாதையில் நகத்தளவு இடத்தில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது, மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் பளபளத்தது. உன் மகனுடையதில் ஓடுபாதை முழுதும் பழுதின்றி இருந்தால், சத்தம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று பொருள். பட்டறைக்காரரிடம் அதைக் காட்டியே கேள். என்ன கண்டாய் என்று எனக்கும் எழுது, முடிந்தால் படமெடுத்தும் அனுப்பு. தீபாவளிக்கு அடுத்த வாரம் ஈப்போவுக்கு வருவதாக இருக்கிறோம். அதற்குள் வேலை முடியாவிட்டால், நானும் உன்னோடு பட்டறைக்கு வருகிறேன்.

அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

உன் அன்பு நண்பன்